உணவு வேளையும் மூப்பும் புற்றுநோய் இடரும்: அளவு, இடைவெளி, பொழுது என்னும் மூன்று வினாக்கள்

ஆய்வுச் சுருக்கம்

உண்ணும் அளவு வாழ்நாளையும் நோய் இடரையும் பாதிக்கும் என்பது நூறாண்டுக்கும் மேலாக அறிவியல் ஆராய்ந்துவரும் பொருளாகும். உண்ணும் வேளையும் தனியே பாதிக்கிறதா என்னும் வினா அண்மைக் காலத்தில்தான் சோதனைக்கு உட்பட்டது. எவ்வளவு உண்பது, எவ்வளவு இடைவெளி விட்டு உண்பது, எப்பொழுதில் உண்பது என்னும் மூன்று வினாக்களையும் பிரித்து நோக்கி, மூப்பு, புற்றுநோய் ஆகிய இரண்டைப் பற்றியும் ஆய்வுகள் உறுதியாகக் கூறுவன எவை, கூறாதன எவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தை இவ்வாய்வுகளோடு ஒப்பிடுவோர் கொள்ளவேண்டிய வரையறையும் இறுதியில் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உணவு வேளை, நாளொழுங்கு, உடற்கடிகாரம், மூப்பு, புற்றுநோய் இடர், தன்னுண்ணல், மருந்து அதிகாரம்.

முன்னுரை

பழந்தமிழ் நூல்களின் உணவுக் கருத்துகளை இக்கால அறிவியலோடு ஒப்பிட்டு எழுதப்படும் கட்டுரைகள் பெருகிவருகின்றன. அவற்றுள் பல, ‘அன்றே சொன்னதை இன்று அறிவியல் மெய்ப்பித்துவிட்டது’ என்னும் ஒற்றை முடிவில் நிறைவடைகின்றன. இவ்வகை முடிவு இரு தரப்புக்கும் நீதி செய்வதன்று. அறிவியல் உண்மையில் எதை மெய்ப்பித்தது என்பதும் நூல் உண்மையில் எதைக் கூறியது என்பதும் அதில் மறைந்துபோகின்றன. உணவு வேளை பற்றிய பேச்சில் இக்குழப்பம் விளைவிக்கும் தீங்கு கருத்தளவில் நிற்பதில்லை. பட்டினி புற்றுநோயைக் குணப்படுத்தும் என நம்பி மருத்துவத்தைத் தள்ளிப்போடும் நோயாளி அதற்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேரிடலாம். ஆகவே, இத்துறையின் சான்றுகளைத் தரம்பிரித்து அறிவது ஒப்பாய்வில் ஈடுபடும் தமிழறிஞர்க்கும் இன்றியமையாததாகிறது.

1. சொல்லும் பொருளும்

விரதம், நோன்பு, பட்டினி ஆகிய சொற்கள் உண்ணாதிருத்தலைக் குறிப்பினும் அவற்றின் பொருட்புலங்கள் வேறுவேறானவை. விரதமும் நோன்பும் சமயக் கடப்பாட்டைச் சார்ந்தவை. பட்டினி இல்லாமையையும் துன்பத்தையும் உணர்த்துவது. ஆய்வுலகம் பேசுவது இவற்றுள் எதையும் அன்று. ஒரு நாளின் 24 மணி நேரத்தில் உண்ணும் காலத்தை எட்டு அல்லது பத்து மணி நேரத்துக்குள் அமைத்து, எஞ்சிய நேரத்தில் உணவைத் தவிர்ப்பதே பெரும்பாலான சோதனைகளின் முறையாகும். இதனை ‘நேரவரையறை உணவு’ எனலாம். இதில் உண்ணும் அளவு குறையவேண்டும் என்னும் கட்டாயமில்லை. அளவைக் குறைத்து உண்பது ‘அளவுக்குறைப்பு உணவு’ எனப்படும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பொதுவெளிக் குழப்பங்களுக்கு முதற்காரணமாகும்.

2. அளவு பற்றிய வினா

உணவைக் குறைத்தால் கட்டிகளின் வளர்ச்சி தடைப்படுவதை, ஆய்வகச் சுண்டெலிகளிடம் பெய்டன் ரவுஸ் 1914ஆம் ஆண்டிலேயே கண்டார். 1935இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கிளைவ் மெக்கேயும் அவர்தம் உடனாய்வாளர்களும், சத்துக் குறைபாடு நேராவண்ணம் கலோரியை மட்டும் குறைத்து எலிகளை வளர்த்தனர். அவ்வெலிகளுள் ஆண் எலிகள் இயல்பாக உண்டவற்றைவிடத் தெளிவாக நீண்டகாலம் வாழ்ந்தன. 1940களில் ஆல்பர்ட் டானன்பாம் செய்த சோதனைகள், கலோரிக் குறைப்பு சுண்டெலிகளிடம் புற்றுக்கட்டிகள் தோன்றுவதைக் குறைப்பதைக் காட்டின.

மனிதருக்கு நெருங்கிய உயிரினமாகிய ரீசஸ் குரங்குகளில் இவ்வினாவுக்குக் கிடைத்த விடை அத்துணை எளிதாக அமையவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வு 2009இல் அளவுக்குறைப்பின் நன்மையை அறிவித்தது. அமெரிக்காவின் தேசிய முதுமை நிறுவனத்தின் ஆய்வோ 2012இல் வாழ்நாள் நீட்சி எதனையும் காணவில்லை. இரு குழுவினரும் 2017இல் தம் தரவுகளை ஒருங்கே ஆராய்ந்து, உணவின் சேர்மானம், சோதனை தொடங்கிய வயது, ஒப்பீட்டுக் குழுவுக்கு உணவளித்த முறை ஆகியன முடிவுகள் வேறுபட்டதற்குக் காரணங்களாகலாம் என விளக்கினர்.

மனிதரிடம் இரண்டாண்டு நடைபெற்ற ‘கேலரி’ சோதனையில் 25 விழுக்காடு குறைப்பு இலக்காகக் கொள்ளப்பட்டது. பங்கேற்றோர் சராசரியாக எட்டியது ஏறத்தாழ 12 விழுக்காடே. அவர்தம் குருதியில் மூப்பின் வேகத்தை அளக்கும் ஓர் அளவீடு 2 முதல் 3 விழுக்காடு வரை குறைந்ததாக 2023இல் அறிவிக்கப்பட்டது. இதனை வாழ்நாள் நீண்டதற்கான சான்றாகக் கொள்ள இயலாது. நீளக்கூடும் என்பதற்கான மறைமுகக் குறிப்பு என்னும் அளவிலேயே கொள்ளல் வேண்டும்.

3. உடலின் கடிகாரங்கள்

பொழுது பற்றிய வினா எழுவதற்கு, உடலுக்குள் காலம் அளக்கப்படுகிறது என்னும் அறிவு முதலில் தேவைப்பட்டது. 1971இல் ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும் பழ ஈக்களின் நாளொழுங்கை மாற்றும் மரபணு மாற்றங்களைக் கண்டறிந்தனர். அம்மரபணுவைப் பிரித்தெடுத்து அதன் இயக்கத்தை விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோர் 2017இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்வியக்கத்தின் அடிப்படை எளிமையானது. சில மரபணுக்கள் புரதங்களை ஆக்குகின்றன. அப்புரதங்கள் மிகுந்தபோது அவையே தம்மை ஆக்கிய மரபணுக்களை அடக்குகின்றன. புரதங்கள் சிதைந்து குறைந்தபின் மரபணுக்கள் மீண்டும் இயங்குகின்றன. இச்சுழற்சி ஒருமுறை நிறைவுற ஏறத்தாழ 24 மணி நேரமாகிறது.

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களால் ஆகிய ஒரு கூட்டம் தலைமைக் கடிகாரமாக விளங்குகிறது. கண்வழி வரும் ஒளியே அதனைத் திருத்தியமைக்கிறது. கல்லீரல், கணையம், குடல், தசை, கொழுப்புத் திசு ஆகியவற்றின் உயிரணுக்களிலும் தனித்தனிக் கடிகாரங்கள் உள்ளன. ஜெனீவாவில் யூலி ஷிப்லரின் ஆய்வுக்குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இங்குக் கருதத்தக்கது. இரவில் இரைதேடும் இயல்புடைய சுண்டெலிகளுக்குப் பகலில் மட்டும் உணவளித்தபோது, கல்லீரலின் கடிகாரம் சில நாள்களில் தலைகீழாகியது. மூளையின் தலைமைக் கடிகாரமோ மாறவில்லை. ஒளிக்கு மூளையும் உணவுக்கு உள்ளுறுப்பும் கட்டுப்பட, ஓருடலில் இருவேறு நேரங்கள் நிலவும் பிறழ்வு தோன்றியது. உண்ணும் வேளையும் காலம் உணர்த்தும் கருவி என்பது இதனால் நிறுவப்பெற்றது.

4. மூன்று வினாக்களும் பிரிந்த நிலை

மெக்கே காலந்தொட்டு நடைபெற்ற அளவுக்குறைப்புச் சோதனைகளில் கவனிக்கப்படாத ஒரு கூறு இருந்தது. பசித்திருக்கும் விலங்குக்கு நாளொருமுறை உணவு வைத்தால் அது விரைவில் உண்டுமுடித்து, மறுநாள் வரை உணவின்றி இருக்கும். எனவே அவ்விலங்கு குறைவாக உண்டதோடு நீண்ட இடைவெளி விட்டும் உண்டது. அது குறிப்பிட்ட பொழுதிலேயே உண்டது என்பதும் கருதத்தக்கது. இம்மூன்றனுள் எது பயன்தந்தது என்பதைப் பழைய சோதனைகளால் பிரித்துரைக்க இயலவில்லை.

2012இல் கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் சச்சின் பாண்டா குழுவினர் வெளியிட்ட ஆய்வு இப்பிரிப்பின் முக்கியமான படியாகும். கொழுப்பு மிகுந்த உணவை எந்நேரமும் உண்ட சுண்டெலிகள் பருத்தன. அவற்றின் கல்லீரலிலும் கொழுப்புப் படிந்தது. அதே உணவை, அதே கலோரி அளவில், இரவில் எட்டு மணி நேரத்துக்குள் உண்டவை பெரும்பாலும் காக்கப்பட்டன.

இடைவெளியின் பங்கினை 2021இல் விஸ்கான்சினைச் சார்ந்த டட்லி லாமிங்கின் குழு ஆராய்ந்தது. செரிக்காத நார்ப்பொருளைக் கலந்து கலோரி குறைத்த உணவை நாள்முழுதும் உண்ட சுண்டெலிகள், அளவுக்குறைப்பின் வழக்கமான நன்மைகளை அடையவில்லை. உண்ணாத இடைவெளி இன்றேல் அளவுக்குறைப்பின் பயன் பெரிதும் குன்றும் என்பது அவ்வாய்வின் கருத்து.

பொழுதின் பங்கினை 2022இல் ஜோசப் டக்கஹாஷியின் குழு டெக்சாஸில் பிரித்துக் காட்டியது. ஆண் சுண்டெலிகளுக்குத் தானியங்கிக் கருவிவழி 30 விழுக்காடு குறைந்த உணவு வாழ்நாள் முழுதும் அளிக்கப்பட்டது. அவ்வுணவை இரவும் பகலும் சிறுசிறு கூறுகளாகப் பெற்றவற்றின் வாழ்நாள் ஏறத்தாழ 10 விழுக்காடு நீண்டது. உறங்கும் பொழுதாகிய பகலில் மட்டும் பெற்றவற்றுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடும், இயங்கும் பொழுதாகிய இரவில் மட்டும் பெற்றவற்றுக்கு ஏறத்தாழ 35 விழுக்காடும் நீண்டன. இக்குழுக்களிடையே உடல் எடை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆகவே, வாழ்நாள் வேறுபாட்டை எடைக்குறைவைக் கொண்டு விளக்க இயலாது.

இவ்வாய்வுகளை நோக்குமிடத்து, அளவுக்கும் இடைவெளிக்கும் பொழுதுக்கும் தனித்தனிப் பங்குண்டு என்பது சுண்டெலிகளைப் பொறுத்தவரை தெளிவாகிறது. இடைவெளியில்லாத அளவுக்குறைப்பு எவ்வளவு பயன்தரும் என்பதில் மட்டும் பிந்திய இரு ஆய்வுகளும் முற்றும் ஒத்துப்போகவில்லை. சுண்டெலியின் இரவு மனிதரின் பகலுக்கு நிகரானது என்பதையும் ஒப்பிடுவோர் மறத்தலாகாது.

5. வேளை செயற்படும் வழிகள்

உண்டபின் குருதியில் இன்சுலின் உயர்கிறது. ‘எம்டார்’ எனப்படும் புரதத்தொகுதி உயிரணுவை வளர்ச்சிக்குத் தூண்டுகிறது. உண்ணாதிருக்கும்போது இவை தணிகின்றன. உயிரணு தன் சிதைந்த கூறுகளைத் தானே செரித்துப் புதுக்கும் ‘தன்னுண்ணல்’ மிகுகிறது. ஓயாது உண்ணும் உடலில் வளர்ச்சித் தூண்டல் நீள்கிறது. செப்பனிடும் காலம் சுருங்குகிறது. மூப்புக்கும் புற்றுநோய்க்கும் பொதுவான தொடர்பு இவ்விடத்தில்தான் அமைகிறது. உயிரணுப் பிளவு, டி.என்.ஏ. செப்பனிடல் ஆகியவற்றின் வேளையையும் கடிகார மரபணுக்கள் நெறிப்படுத்துகின்றன. அவற்றுள் ஒன்று பழுதுபட்ட சுண்டெலிகள் கதிர்வீச்சுக்குப்பின் மிகுதியான கட்டிகளுக்கு உள்ளானதை 2002இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. தன்னுண்ணல் பற்றிய ஆய்வுக்காக யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றதைப் பட்டினி மருத்துவத்துக்கு ஆதாரமாகக் காட்டும் வழக்கம் உள்ளது. அவர் ஆராய்ந்தது ஈஸ்ட் உயிரணுக்களில் அச்செயல் நிகழும் முறையை. அது மனிதருக்கான உணவுப் பரிந்துரையன்று. மேலும், தன்னுண்ணல் நல்லுயிரணுவைக் காப்பது போலவே, ஏற்கெனவே தோன்றிவிட்ட புற்றுயிரணு சத்துக்குறைவிலும் பிழைத்திருக்கவும் உதவக்கூடும். நோய் வருமுன் காக்கும் வழி, வந்தபின் தீர்க்கும் வழியாகவும் அமையும் என்பது இயல்பாக முடிந்த முடிபன்று.

6. மனிதரிடம் கிடைத்த சான்றுகள்

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, நாளொழுங்கைக் குலைக்கும் இரவுப் பணியை ‘அனேகமாகப் புற்றுநோய் விளைவிப்பது’ என 2007இல் வகைப்படுத்தியது. 2019இல் அவ்வகைப்பாட்டை மீண்டும் உறுதிசெய்தது. இவ்வகைப்பாடு சான்றின் வலிமையைக் குறிப்பதேயன்றி இடரின் அளவைக் குறிப்பதன்று. இரவுப் பணியில் செயற்கை ஒளி, உறக்கக்கேடு, வேளைபிறழ்ந்த உணவு ஆகிய மூன்றும் கலந்துள்ளமையால், உணவின் பங்கை மட்டும் அதிலிருந்து பிரித்தறிய இயலாது.

ஸ்பெயினில் மனோலிஸ் கோகெவினாஸ் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, இரவுப் பணி செய்யாதோரை மட்டுமே எடுத்துக்கொண்டு இச்சிக்கலைத் தவிர்த்தது. மார்பகப் புற்றுநோயுற்ற 1,205 பெண்களும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயுற்ற 621 ஆண்களும், ஒப்பீட்டுக்காக அந்நோய்கள் இல்லாத 1,321 பெண்களும் 872 ஆண்களும் வினவப்பட்டனர். இரவுணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே இரண்டு மணி நேரமேனும் விட்டோரிடம், உண்டவுடன் உறங்கியோரைவிட, இவ்விரு புற்றுநோய்களின் இடர் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. பிரான்சில் 41,389 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வும் அதே ஆண்டில் வெளிவந்தது. இரவு 9.30 மணிக்குப்பின் இறுதி உணவை உண்போரிடம் இவ்விரு நோய்களின் இடரும் கூடியிருந்ததை அது காட்டியது.

அமெரிக்காவில் தொடக்கநிலை மார்பகப் புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்ற 2,413 பெண்களின் தரவுகள் 2016இல் ஆராயப்பட்டன. இரவில் உண்ணாத இடைவெளி 13 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தோரிடம் நோய் மீள்வதற்கான இடர் 36 விழுக்காடு கூடியிருந்தது. நூற்றில் 36 பேருக்கு நோய் மீண்டது என்று இதனைப் பொருள்கொள்ளல் தவறு. இது மற்றக் குழுவோடு ஒப்பிட்ட சார்பளவாகும். இறப்பில் புள்ளியியல் நோக்கில் உறுதியான வேறுபாடு அவ்வாய்வில் காணப்படவில்லை.

இம்மூன்றும் நோக்காய்வுகளேயன்றிச் சோதனைகள் அல்ல. காலம்தாழ்த்தி உண்போர் பிற பழக்கங்களிலும் வேறுபடலாம். புகை, மது, உறக்கம், பொருள்நிலை ஆகியவற்றைக் கணக்கியல்வழி நீக்க முயலினும் அவற்றின் நிழல் முற்றும் அகல்வதில்லை. ஸ்பெயின் ஆய்வில் நோயுற்றபின் பழைய வேளைகளை நினைவுகூர்ந்து கூறச்செய்தமையால், நினைவுப்பிழைக்கும் இடமுண்டு.

காரணத்தை நேரே காட்டவல்ல சோதனைகள் சிறியனவாகவும் குறுகிய காலத்தனவாகவும் உள்ளன. நீரிழிவின் முன்நிலையிலிருந்த எட்டு ஆண்கள் ஐந்து வாரங்கள் பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே உணவை முடித்துக்கொண்டபோது, எடை குறையாமலே அவர்தம் இன்சுலின் செயற்பாடும் குருதியழுத்தமும் மேம்பட்டன என்கிறது 2018ஆம் ஆண்டு ஆய்வொன்று. பாஸ்டனில் 19 பேரை ஆய்வகத்தில் தங்கவைத்து இரவுப் பணியைப் போன்ற நிலையை உண்டாக்கிய சோதனை 2021இல் வெளிவந்தது. இரவிலும் உண்டவர்க்குக் குருதிச் சர்க்கரை உயர, பகலில் மட்டும் உண்டவர்க்கு அவ்வுயர்வு நேரவில்லை. உறக்கமும் ஒளியும் ஒன்றாயிருக்க, உணவு வேளை மட்டும் வேறுபட்டமையால் இம்முடிவு தனிச்சிறப்புடையது.

மறுதலையான முடிவுகளையும் கூறவேண்டும். சீனாவின் குவாங்சோ நகரில் உடற்பருமன் மிக்க 139 பேரிடம் ஓராண்டு நடைபெற்று 2022இல் வெளிவந்த சோதனையில், கலோரிக் குறைப்போடு காலை எட்டு முதல் மாலை நான்கு வரை என்னும் வரையறையைச் சேர்த்தமையால் எடைக்குறைவில் கூடுதல் பயன் விளையவில்லை. நண்பகல் முதல் இரவு எட்டு மணி வரை உண்ணச்செய்த 2020ஆம் ஆண்டின் அமெரிக்கச் சோதனையும் ஒப்பீட்டுக் குழுவைவிடத் தெளிவான எடைக்குறைவைக் காட்டவில்லை. உணவு வேளையை மாற்றியமைத்து மனிதரிடம் புற்றுநோய் குறைந்ததையோ வாழ்நாள் நீண்டதையோ நேரடியாக மெய்ப்பித்த சோதனை எதனையும் மேற்கண்டவற்றுள் காட்ட இயலாது.

7. மருந்து அதிகாரமும் மூன்று வினாக்களும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ பத்துக் குறள்களை உடையது. அவற்றுள் 942 முதல் 947 வரையுள்ள ஆறும் உண்ணும் முறை பற்றியன. மேற்கண்ட மூன்று வினாக்களை இவ்வாறு குறள்களிடமும் எழுப்பிப் பார்க்கலாம்.

அளவு பற்றிய கருத்து வெளிப்படையாகவே உள்ளது. செரிக்கும் ஆற்றலை எண்ணாது மிக உண்பது நோயைத் தரும் என்கிறது 947ஆம் குறள். இடைவெளி பற்றிய கருத்தும் உள்ளது. முன் உண்டது செரித்ததை அறிந்தபின் உண்ணுமாறு 942, 943, 944 ஆகிய குறள்கள் கூறுகின்றன. 943ஆம் குறள் அதனை உடம்பை நெடுங்காலம் பேணும் வழியாகவே காட்டுகிறது. ஆயினும் இவ்விடைவெளிக்கு மணிக்கணக்கு இல்லை. செரிமானமும் பசியுமே அதன் அளவுகோல்கள். பகலில் உண்க, இரவில் தவிர்க என்னும் பொழுது வரையறையை இவ்வாறு குறள்களில் காணமுடியவில்லை. புற்றுநோய் பற்றிய பேச்சும் இல்லை. நாளுக்கு இருபொழுது உண்பதை நெறியாகக் கூறுவது தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகா விதி. அதுவும் வேளைகளின் எண்ணிக்கையைச் சொல்வதேயன்றிக் கல்லீரலின் கடிகாரத்தை அறிந்து சொன்னதன்று.

எனவே, ‘இரவில் தாழ்ந்து உண்பது புற்றுநோய் தரும் என வள்ளுவர் அறிந்திருந்தார்’ என எழுதுவது நூலுக்குப் புறம்பானது. அளவையும் இடைவெளியையும் இருவேறு நெறிகளாகப் பிரித்து, இரண்டையும் உடலின் குறிப்போடு இணைத்தமை அவ்வதிகாரத்தின் உண்மையான நுட்பமாகும். ஆய்வகங்கள் அவ்விரண்டையும் தனித்தனியே அளக்கத் தொடங்கியது அண்மையில்தான். ஒப்புமை இந்த அளவில் நிற்கும்போது நூலின் பெருமை குறைவதில்லை. மிகைக்கூற்றின் பழியினின்றும் அது காக்கப்படுகிறது.

முடிவுரை

இக்கட்டுரையால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

• உணவின் அளவு, இடைவெளி, பொழுது ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. சுண்டெலிகளின் வாழ்நாளில் மூன்றுக்கும் தனித்தனிப் பங்கிருப்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன.

• மனிதரிடம், இயங்கும் பொழுதில் உண்பதும் உறக்கத்துக்கு முன் இடைவெளி விடுவதும் சர்க்கரை, இன்சுலின் ஆகியவற்றின் ஒழுங்குக்குத் துணைசெய்கின்றன என்பதற்குச் சிறு சோதனைகளின் சான்று உண்டு.

• புற்றுநோய் இடரோடு உணவு வேளைக்குத் தொடர்பிருக்கலாம் என நோக்காய்வுகள் சுட்டுகின்றன. அத்தொடர்பு காரண காரியத் தொடர்பென இன்னும் நிறுவப்படவில்லை.

• உண்ணாதிருத்தல் புற்றுநோய்க்கு மருத்துவமாகாது. மருத்துவம் பெறும் புற்றுநோயாளிகள், இன்சுலின் எடுத்துக்கொள்வோர், கருவுற்ற பெண்கள், தசை நலிந்த முதியோர் ஆகியோர் மருத்துவரின் ஒப்புதலின்றி நெடுநேரம் உண்ணாதிருத்தல் தீங்காக முடியலாம்.

• ஸ்பெயின், பிரான்சு ஆகிய நாடுகளின் உணவு வேளைகளும் உறக்க வழக்கங்களும் அந்நாட்டுச் சூழலுக்குரியவை. அவற்றின் முடிவுகளைத் தமிழகத்துக்கு அப்படியே பொருத்துதல் இயலாது. இங்குள்ளோர் எப்பொழுது உண்கின்றனர், எப்பொழுது உறங்குகின்றனர் என்பதைக் களஆய்வின்வழித் தொகுப்பதே முதற்பணியாகும். மருத்துவத் துறையினரோடு நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளரும் இணைந்து செய்யத்தக்க பணி அது.